பின்வரிசைப் புத்தகங்கள்

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கோயம்புத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போகிறாய் என்பது நல்ல சேதிதான். உன் முட்டிவலிக்கு அந்த ஊர்க் குளிர் எப்படி ஒத்துவருமோ, போய்த்தான் பார்க்க வேண்டும். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாயே, 'ஆறு பெட்டி புத்தகம் கிடக்கிறது, பாதிக்கு மேல் தொடவே இல்லை, எடைக்குப் போட்டுவிடலாமா' என்று. அதைப் படித்துவிட்டுக் கையில் இருந்த காப்பியை ஆறவிட்டுவிட்டேன்.

உனக்கும் எனக்கும் இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது? ஆர்.எம்.எஸ். வண்டியில்தானே. ராத்திரி முழுக்க ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே தபால் பிரிப்போம். புக் போஸ்ட் கட்டு என்றால், பிரித்துப் பார்க்க வசதியாக ஓரத்தை ஒட்டாமல் அனுப்ப வேண்டும் என்பது அப்போது விதி. அந்தத் திறந்த ஓரத்து வழியாக யார் யாருக்கோ போகிற புத்தகத்தின் தலைப்பை எட்டிப் பார்த்து, சட்டைப்பையில் இருக்கும் சீட்டில் குறித்துக்கொள்வாய். முதல் தேதி சம்பளம் வந்ததும் அந்தச் சீட்டோடு மேலவெளி வீதியில் சர்வோதய இலக்கியப் பண்ணைக்குப் போவோம். அரசாங்கச் செலவில் எட்டிப் பார்த்ததைச் சொந்தச் செலவில் தீர்த்தோம்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்து, படித்தது எது, படிக்காதது எது என்று என்னைக் கேட்டுக் கேட்டுக் கோடு போட்டாள். படிக்காதது 640. நான் ராத்திரிக்கு 25 பக்கம் படிப்பேன். 250 பக்கப் புத்தகத்துக்குப் பத்து நாள், வருஷத்துக்கு 36 புத்தகம். இன்று முதல் ஒன்றுகூட வாங்காமல் இருந்தாலும் தீர்வதற்குப் பதினெட்டு வருஷம். எனக்கு இப்போது 67. "அப்பா, உங்களுக்கு எண்பத்தஞ்சாயிரும்" என்றாள். வருஷத்துக்கு அறுபது புத்தகமாவது வாங்குகிறேனே, அதையும் சேர்த்துக்கொள் என்று நான்தான் எடுத்துக்கொடுத்தேன். நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

உன் தங்கச்சி, அதான் என் வீட்டுக்காரி, வேறு விதமாகச் சொல்வாள். சரஸ்வதி பூஜை அன்றைக்கு அடுக்கி வைத்த புத்தகத்தைத் தொடக்கூடாது, மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் படிக்கலாம் இல்லையா? "நம்ம வீட்டில் வருஷம் பூரா சரஸ்வதி பூஜைதான், விஜயதசமிதான் வரமாட்டேங்குது" என்பாள். இதற்கு நான் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் மேலூர்ப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன், கேள். சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கண்மாய்க் கரையில் நடந்தேன். தண்ணீர் இல்லை. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு கல்தூண்கள், நடுவில் குறுக்குக் கல், ஊஞ்சல் மாட்ட மறந்த மாதிரி நின்றன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் என்னவென்று கேட்டேன். "குமிழி மடை" என்றார், அவ்வளவுதான். எனக்குத் தலைக்குள் ஒரு பச்சை அட்டை தெரிந்தது. மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்துக் கடையில் 30 ரூபாய்க்கு வாங்கிய, கண்மாய்ப் பாசனம் பற்றிய பழைய புத்தகம். இருபது வருஷம் இருக்கும், முன்னுரையைக்கூடப் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி பத்து. அலமாரியின் பின்வரிசையில், கீழிருந்து இரண்டாவது தட்டில் கை வைத்த இடத்தில் இருந்தது. வேட்டியைக்கூட மாற்றாமல் நின்றபடியே நாற்பது பக்கம் படித்தேன். அந்தத் தூண்களுக்கு அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்துளையில் அடைப்புக் கல். அதைத் தூக்கினால் தெளிந்த தண்ணீர் இறங்கி, கரைக்கு அடியில் போகிற சுரங்கக் கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். அதற்கு நீரோடித் துளை என்று பெயர். கீழே, தரையை ஒட்டி, சின்னச் சின்னச் சேறோடித் துளைகள். மேலே தண்ணீர் இறங்கும்போதே கீழே வண்டலும் இழுபட்டுப் போய்விடும். ஆக, தூர் வாருகிற வேலையில் ஒரு பங்கைத் தண்ணீரே பார்த்துக்கொள்கிறது. நிறைந்த கண்மாயில் ஒரு ஆள் முங்கிப் போய் அதைத் திறக்க வேண்டும். வாங்கிய அன்றே இதைப் படித்திருந்தால் எனக்கு இது வெறும் படம் போட்ட பக்கம். அன்றைக்கு ராத்திரி அப்படி இல்லை. கல்லைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். புத்தகமும் அலமாரியில் இருந்தது.

இதை எந்தப் பட்டியலில் எழுதி வைத்து, எந்தக் கடையில் போய்க் கேட்பது? அந்தக் கடையே இப்போது அங்கே இல்லை. புது மண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், சிற்பங்கள் மூச்சு விடட்டும், அது நியாயம்தான். ஆனால் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில், யாளியின் காலடியில் குந்தி உட்கார்ந்து பெரிய எழுத்துப் புத்தகங்களைக் கிளறியது இனி கிடைக்காது.

"புது நத்தம் ரோட்டில் அவ்வளவு பெரிய நூலகம் இருக்கே, வீட்டிலும் எதுக்கு?" என்று மகள் கேட்டாள். கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலை 15-ல் திறந்தார்கள். மூன்று லட்சம் புத்தகத்துக்கு மேல். நானும் போகிறேன், ஏசி சுகமாக இருக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அங்கே போய் நிற்க முடியாது. அதோடு, கோட்டையூர் ரோஜா முத்தையாவிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டு அவரும் சரி என்றிருந்தால்? புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று ஆயுள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் நூலகமாக இருக்கிறது, ஆராய்ச்சிக்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நம் ஆறு பெட்டிக்கு அந்த யோகம் வராது, தெரியும். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

கஷ்டமும் இல்லாமல் இல்லை. போன மழைக்காலத்தில் பின்வரிசையில் ராமபாணப் பூச்சி புகுந்துவிட்டது. பெயர் வைத்தவன் ரசிகன், மாப்பிள்ளை. ஏழு மராமரத்தைத் துளைத்த அம்பு மாதிரி ஏழு அத்தியாயத்தை ஒரே நேர்கோட்டில் துளைத்திருந்தது. இந்த வீட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் முடித்தது அது ஒன்றுதான். எல்லாவற்றையும் மொட்டை மாடியில் நிழல் காய்ச்சலாகப் போட்டு, தட்டுக்குத் தட்டு வசம்பு வைத்திருக்கிறேன். இப்போது அறைக்குள் போனால் பிள்ளை பெற்ற வீட்டு வாசம் வருகிறது.

போன புத்தகத் திருவிழாவில் தமுக்கம் மைதானத்துக்கு இரண்டே தலைப்பு எழுதிக்கொண்டு போனேன். பதினாலோடு திரும்பினேன். பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள், அந்த மிச்சத்தில் இரண்டு வாங்கினேன். குறித்துக்கொண்டு போன இரண்டும் கிடைக்கவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். எடைக்குப் போடாதே. உன்னிடம் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த தொடர்கதை பைண்டிங் ஒன்று இருக்குமே, உன் அம்மா ஓரத்தில் பென்சிலால் பால் கணக்கு எழுதி வைத்தது, கடைசி மூன்று வாரம் இல்லாதது. அதை மட்டும் நீ பெங்களூருக்கு எடுத்துப் போ. மற்றதைப் பார்சல் சர்வீஸில் போடு. கட்டிலுக்கு அடியில் மூன்று பெட்டிக்கு இடம் பண்ணிவிட்டேன். மீதி மூன்றைத் தெருமுனைத் தையல்கடை முகவரிக்கு அனுப்பு. அவரிடம் பேசிவைத்திருக்கிறேன், ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வேன். பெட்டி மேல் 'பாத்திரம்' என்று மட்டும் எழுதிவிடாதே, உன் தங்கச்சி நான் வருவதற்குள் பிரித்துவிடுவாள். 'பழைய கணக்கு' என்று எழுது.

உன் வீட்டில் என் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா?

அன்புடன்,
உன் மாப்பிள்ளை