சம்பளமும் ஷூ, சேமிப்பும் ஷூவா?

டேய் மச்சி,

உன் மெசேஜ் நேத்து நைட்டே பாத்துட்டேன், போன்ல பேசினா நீ பாதிலயே சரி சரின்னு வச்சிடுவ, அதான் உக்காந்து எழுதறேன். இங்க சத்துவாச்சாரில எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சொட்டு மருந்து ஊத்திக்கினு இருக்கோம். சின்னவ பத்தாவது, நைட்டு பதினோரு மணி வரைக்கும் லைட் எரியுது.

சரி விஷயத்துக்கு வரேன். குடியாத்தம் மனை வித்த காசு மொத்தத்தையும் ஷூ கம்பெனி, லெதர் கம்பெனி ஷேரா வாங்கப் போறேன், இத்தன வருஷமா ஆம்பூர்ல இதே தொழில்ல இருக்கேன், எனக்குத் தெரியாததான்னு கேட்டிருக்க. தொழில் உனக்கு தெரியும்டா, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, மேல்தோலத் தொட்டே எந்த கிரேடுன்னு சொல்ற ஆளு நீ. ஆனா அதனாலயே தான் வேணாம்னு சொல்றேன்.

யோசிச்சு பாரு, 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்கு மேல வரிய 50 பர்சன்ட்டுக்கு ஏத்தினப்ப உங்க ஃபேக்டரில ஓவர்டைம் நின்னு நீ எவ்ளோ கவலப்பட்ட, அந்த நேரத்துல உன் சேமிப்பும் அதே லைன் கம்பெனிங்கள்ல இருந்திருந்தா சம்பளமும் ஆட்டம், ஷேரும் ஆட்டம், ரெண்டும் ஒரே நாள்ல. இன்னும் பழசு சொல்றேன். 1996 ஆகஸ்ட்ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சே, அப்ப நம்ம மாவட்டத்துக்கு வட ஆர்க்காடு அம்பேத்கர்னு பேரு, தோல் பதனிடற ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபா அபராதம், கழிவு நீர சுத்தம் பண்ற பிளான்ட் இல்லாதவன் மூடணும். பாலாத்துக்கு அந்த தீர்ப்பு வேணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல எனக்கு. ஆனா பணம் போடறவன் கண்ணால பாத்தா, ஒரு ஆர்டர், தொழிலே மொத்தமா நடுங்குது, நல்ல ஓனர் கெட்ட ஓனர்னு பாக்கறதில்ல.

அதனால ஒரே தொழில்ல போடாம நிஃப்டி 50 பக்கம் போன்னு சொல்றேன், நாட்டோட பெரிய கம்பெனிங்க அம்பதோட பட்டியல் அது, அதே 1996 ஏப்ரல்ல தான் ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு அதுல இருந்த கம்பெனிங்கள்ல நெறைய பேரு இன்னைக்கு அதுல கிடையாது. 2009 ஜனவரி 7ல சத்யம்ங்கற கம்ப்யூட்டர் கம்பெனி கணக்குல தில்லுமுல்லுன்னு அதோட தலைவரே லெட்டர் எழுதினாரு, சீக்கிரமே நிஃப்டில இருந்து தூக்கிட்டாங்க, 2020 மார்ச்ல யெஸ் பேங்கையும் தூக்கினாங்க. அந்த ஒரே ஷேர வச்சிருந்தவன் நிலம வேற, அந்த அம்பதையும் மொத்தமா வாங்கி வைக்கற இண்டெக்ஸ் ஃபண்ட்ல இருந்தவனுக்கு அது அம்பதுல ஒண்ணு, அடி பட்டுச்சு ஆனா அந்த அளவோட நின்னுச்சு, விக்கலாமா வச்சிக்கலாமான்னு தூக்கம் கெடல. வருஷத்துக்கு ரெண்டு தடவ, மார்ச்லயும் செப்டம்பர்லயும், யாரு உள்ள யாரு வெளியன்னு பட்டியல் போடறவங்களே பாத்துக்கறாங்க, ஃபண்டுக்குள்ள அந்த மாத்தம் நடக்கறதுக்கு நீ டேக்ஸ் கட்டத் தேவையில்ல, ஃபண்ட்ல உன் பங்கான யூனிட்ட விக்கும்போது தான். நீயே ஷேர் மாத்திக்கினு இருந்தன்னா ஒரு வருஷத்துக்குள்ள வித்த லாபத்துக்கு 20 பர்சன்ட், அதுக்கு மேலன்னா வருஷத்துக்கு 1.25 லட்சம் போக 12.5 பர்சன்ட், மாத்தற ஒவ்வொரு தடவையும்.

அரக்கோணம் எம்ஆர்எஃப்ல வேலை செஞ்ச உங்க சித்தப்பாவ பத்தி சொல்லிக்கினே இருப்ப, அப்பவே கொஞ்சம் ஷேர் வாங்கி வச்சிருந்தா 2023 ஜூன்ல ஒரு ஷேரே லட்ச ரூபாய தாண்டுச்சேன்னு. நெஜம் தான். ஆனா அந்த காலத்துல லிஸ்ட் ஆன மத்த கம்பெனிங்க பேர ஏன் யாரும் சொல்றதில்ல? பெஸெம்பைண்டர்னு ஒரு அமெரிக்க புரொபசர் 1926ல இருந்து அங்க இருந்த எல்லா ஷேரையும் எடுத்து கணக்கு போட்டு 2018ல வெளியிட்டாரு, கவர்மென்ட் பத்திரத்துக்கு மேல மார்க்கெட் சம்பாதிச்ச அத்தனையும் வெறும் நாலு பர்சன்ட் கம்பெனிங்களால வந்ததாம், பாதிக்கு மேல பத்திரத்தக்கூட ஜெயிக்கல. அந்த நாலு பர்சன்ட்ட முன்கூட்டியே புடிக்கணும், புடிச்சப்புறம் பாதி விழும்போதும் விடாம இருக்கணும். இண்டெக்ஸ்ல அதுங்க தானா வந்து சேரும்.

இண்டெக்ஸ் விழாதுன்னு சொல்ல வரல. 2008 ஜனவரில 6,300க்கு மேல இருந்த நிஃப்டி அக்டோபர்ல 2,300க்கு கீழ போச்சு, 2020 ஜனவரில 12,400, மார்ச்ல 7,500. அதனால பொண்ணு காலேஜுக்கு ரெண்டு வருஷத்துல வேணும்னு சொன்னியே, அந்த பணம் இதுலயும் போகக்கூடாது, பேங்க்ல எஃப்டி போடு, வட்டி கம்மின்னு பாக்காத. 2022ல காட்பாடில ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில மாசாமாசம் இவ்ளோ வட்டின்னு நம்பி போட்டவங்க எப்படி அழுதாங்கன்னு நீயும் பாத்த. மீதிய நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட்ல, நடுவுல ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான்ல, மாசம் இவ்ளோன்னு பிரிச்சு போடு, செலவு வருஷத்துக்கு நூத்துக்கு இருபது பைசா அளவுல தான் புடிப்பாங்க.

கைய கட்டி உக்கார முடியாதுன்னு எனக்கு தெரியும், ஷேர் படிக்கறது உனக்கு புடிக்கும், அத விடுன்னு சொல்ல மாட்டேன். பத்துல ஒரு பங்கு எடுத்து வெளையாடு, ஆனா லெதர் வேணாம். இன்னொண்ணு, எந்த பையர் எவ்ளோ ஆர்டர் குடுத்தான்னு முன்னாடியே தெரியும்னு எழுதிருக்க பாரு, லிஸ்டட் கம்பெனி பத்தி வெளில வராத அந்த மாதிரி தகவல வச்சி ஷேர் வாங்கினா, ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற செபியோட சட்டப்படி குத்தம், அந்தப் பக்கமே போகாத.

ஞாயித்துக்கெழம தங்கச்சியையும் கூட்டிக்கினு வா, பேன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் எடுத்துக்கினு வா, கேஒய்சிய இங்கயே முடிச்சிடலாம். நாமினில தங்கச்சி பேர மறக்காம போடணும், அவங்க எதிர்லயே போடலாம், எங்க எவ்ளோ இருக்குன்னு அவங்களுக்கும் தெரியணும் இல்ல. வரும்போது ஆற்காட்டுல இருந்து மக்கன்பேடா எல்லாம் வாங்க சுத்திக்கினு வராத, அம்மாவுக்கு சுகர்.

உன்
பழைய பெஞ்ச்காரன்