கேஸ் போன கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓசோன் தினத்துக்கு மறுநாள் தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போகும் படம் பார்த்தேன். 'மரம் நடுவோம், ஓசோனைக் காப்போம்' என்று எழுதியிருந்தது. மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் ஓசோன் படலம் மெலிந்தது மரம் வெட்டியதால் அல்ல, குளிர்சாதன மெஷின்களிலிருந்து என் போன்ற ஆட்கள் திறந்துவிட்ட கேஸால். முப்பத்தொரு வருடமாகத் தூத்துக்குடி வட்டாரத்தில் கோல்ட் ரூம், ஐஸ் பிளான்ட், சில்லர் என்று வேலை பார்க்கிறவன் என்பதால் இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. கொஞ்சம் குற்ற உணர்வும் உண்டு.

நான் தொழில் பழகிய நாட்களில் கம்ப்ரசர் மாற்ற வேண்டுமென்றால் முதலில் உள்ளே இருக்கும் கேஸை வெளியே விட்டுவிடுவோம். சத்தம் கேட்டு ஆள் கூடிவிடக்கூடாதே என்று ஹோஸின் முனையை ஒரு வாளித் தண்ணீருக்குள் விடுவோம். தண்ணீர் கொதிப்பது போலக் குமிழும், நட்டைச் சுற்றி வெண்பனி பூக்கும். "காத்துதானல, போனா போகுது" என்பார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். அப்போது 12-ம் நம்பர் கேஸ் (ஆர்-12), பிறகு 22 (ஆர்-22). ஓசோனை அரிக்கும் கேஸ்களை நிறுத்த மான்ட்ரியலில் 1987-ல் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டதும், 1992-ல் இந்தியா அதில் சேர்ந்ததும் எங்கள் வாளி வரை வந்து சேரவில்லை. 2008-ல் 12-ம் நம்பர் உற்பத்தி நின்று, கடையில் கேட்டால் கையை விரித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

இப்போது என்னிடம் ரெகவரி மெஷின் இருக்கிறது. பழைய கேஸை உறிஞ்சி சிலிண்டரில் அடைத்துக்கொள்கிறேன். என்னைப் போல நிறையப் பேர் மாறிவிட்டார்கள். நான் எழுத வந்தது வாளியைப் பற்றி அல்ல. கண்ணுக்கே தெரியாமல், வருடம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும் கேஸைப் பற்றி.

பெரிய இறால் கம்பெனிகளில் அமோனியா ஓடுகிறது. அது கசிந்தால் யாரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை, மூக்கு எரிந்து ஊரே ஓடும். அதனால் அதற்கு அலாரம், முகமூடி, ஒத்திகை எல்லாம் உண்டு. சின்ன, நடுத்தரக் கம்பெனிகளின் கோல்ட் ரூம்களில் ஓடும் 22-க்கும், 404ஏ என்ற இன்னொரு கேஸுக்கும் நம் மூக்குக்குத் தெரிகிற வாசனை இல்லை, நிறம் இல்லை, மூக்கும் எரியாது. ஒரு கிலோ போனாலும் பத்து கிலோ போனாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அது போனதற்கு இருக்கும் ஒரே சாட்சி, அடுத்த முறை எத்தனை கிலோ ஏற்றினோம் என்ற எண்தான். குளிர்சாதன மெஷின் பைக் மாதிரி பெட்ரோல் குடிக்காது. மூடிய குழாய்க்குள் ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. புதிதாக ஏற்றினால், அவ்வளவும் எங்கோ கசிந்து போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த எண்ணை எழுதி வைக்கிற வழக்கம் இங்கே இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். மைனஸ் 20 டிகிரி அறை, மொத்தக் கொள்ளளவு 28 கிலோ 22-ம் நம்பர். ஒரு நாள் போன் வந்தது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, அறை மைனஸ் 14-க்குக் கீழே இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் சைட் கிளாஸில், அதாவது குழாய்க்குள் ஓடுவதைப் பார்க்கும் கண்ணாடியில், சோடா மாதிரிக் குமிழி. கேஸ் குறைச்சல். "லீக் எங்கேன்னு பார்க்கணும் சார், ரூமைக் காலி பண்ணி ஒரு நாள் ஆறவிடணும்" என்றேன். மைனஸ் 20-ல் சோப்புத் தண்ணீர் அடித்தால் அடித்த இடத்திலேயே உறைந்துபோகும், நுரை எங்கே வரும்? மேனேஜர் சிரித்தார். "உள்ள நாப்பது டன் சரக்கு இருக்கு அண்ணாச்சி. கன்டெய்னர் வாசல்ல நிக்குது. கேஸ ஏத்திட்டுப் போங்க, சீசன் முடியட்டும்."

ஏற்றினேன். என்னவோ தோன்றி, அன்று அவர்கள் இறால் நிறுக்கும் தராசிலேயே சிலிண்டரை முன்னும் பின்னும் நிறுத்து, என் பாக்கெட் டைரியில் குறித்துக்கொண்டேன். 13 கிலோ. நாலு மாதம் கழித்து மறுபடி போன், 11 கிலோ. அந்த வருட டிசம்பரில் 12. மூன்றையும் கூட்டினால் 36. மெஷினுக்குள் இருக்க வேண்டியதே 28 கிலோதான். ஒரே வருடத்தில் முழு மெஷினும் ஒரு தடவை காலியாகி, அதற்கு மேலும் போயிருக்கிறது.

கம்பெனியின் ஸ்டோர் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கிரீஸ் டப்பா, வேஸ்ட் காட்டன், கையுறை வரிசையில் 'கேஸ் சிலிண்டர் - 1' என்று மூன்று இடத்தில் இருந்தது. எந்த மெஷினுக்கு, எத்தனை கிலோ, ஏன் என்று ஒரு எழுத்து இல்லை. இதே கம்பெனியில் ஒரு பெட்டி இறாலைத் தொட்டுக் காட்டி, எந்தப் பண்ணை, எந்தக் குளம், என்றைக்குப் பிடித்தது என்று கேளுங்கள், அரை நிமிடத்தில் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டுவார்கள். மருந்து எச்சம் இருக்கிறதா என்று வெளிநாட்டுக்காரன் கேட்கிறான், அதனால் காட்டுகிறார்கள். கேஸைப் பற்றி அவன் கேட்கவில்லை.

அறையைக் காலி செய்ய அடுத்த பிப்ரவரியில்தான் விட்டார்கள். நைட்ரஜன் ஏற்றி 200 பவுண்டு அழுத்தத்தில் நிறுத்தினேன். ஐஸ் உருகி, தரையெல்லாம் தண்ணீர். அறைக்குள் குளிர் தரும் குழாய்ச் சுருளான காயிலின் ஓரத் தகட்டுக்குப் பக்கத்தில் குழாய் வளையும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக ஒரு கறை. எங்கள் தொழிலில் அதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. கேஸ் போகும் வழியில் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து கசிந்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். சோப்பு நுரையைத் தடவிவிட்டு டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடுகளவு முட்டை ஒன்று கிளம்பி, மெல்ல மிளகாகி, பட்டாணியாகி நின்றது. ஃபேன் அதிர்வில் குழாய் தகட்டோடு உரசி உரசி விழுந்த ஓட்டை, ஊசி முனையைவிடச் சின்னது. சில்வர் கம்பியில் பற்றவைத்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. நாற்பது நிமிட வேலைக்கு 36 கிலோ கேஸ்.

22-ம் நம்பர் ஓசோனை 12-ம் நம்பர் அளவுக்கு அரிக்காது, ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அதன் ஒரு கிலோ 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 36 கிலோ என்றால் 65 டன். அதற்கு மாற்று என்று வந்த 404ஏ ஓசோனைத் தொடவே தொடாது, ஆனால் வெப்பக் கணக்கில் அது 3,922. ஓசோனுக்கு நல்லவன், வெயிலுக்கு வில்லன். 'ஓசோன் ஃப்ரெண்ட்லி' என்று சிலிண்டரில் ஒட்டியிருப்பதை நம்பித் தாராளமாகத் திறந்துவிடும் பையன்களை இன்றும் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட குளிர்க்கிடங்கு மெஷினில் வருடக் கசிவு கொள்ளளவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் முப்பது நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும். தொழிற்சாலை உற்பத்தியோடு இணைந்த மெஷினுக்கு 30 சதவீதம், ஆள் உட்காரும் இடத்து ஏசிக்கு 10. ஒரே வருடத்தில் 125 சதவீதத்தைத் தாண்டினால் முதலாளியே அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நான் சொன்ன கோல்ட் ரூம் ஏறத்தாழ 129 சதவீதம். ஐரோப்பாவில் கிலோவைப் பார்ப்பதில்லை, கார்பன் கணக்கைப் பார்க்கிறார்கள். 5 டன்னுக்குச் சமமான கேஸ் இருந்தாலே வருடம் ஒரு முறை கசிவுச் சோதனை, 50 டன்னுக்கு ஆறு மாதம், 500 டன்னுக்கு மூன்று மாதம். 404ஏ-யில் ஐந்து டன் என்பது ஒன்றேகால் கிலோதான், ஒரு சின்ன கடையின் ஃப்ரீசர் அறைக்கே அது வந்துவிடும். ஏற்றியது, எடுத்தது எல்லாம் எழுதி ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும். அங்கே எல்லாரும் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொய் எழுதவாவது ஒரு நோட்டு இருக்கிறது.

இங்கே மீன் ஏலக்கூடத்துத் தராசுக்கு முத்திரை வைக்க ஆள் வருகிறார். பாய்லரைப் பார்க்க ஆள் வருகிறார். 'இந்த மெஷினுக்குப் போன வருடம் எத்தனை கிலோ கேஸ் ஏற்றினீர்கள்' என்று யாராவது வந்து கேட்டு, நான் முப்பத்தொரு வருடத்தில் பார்த்ததில்லை.

முதலாளிகளுக்கு ஓசோனும் வெப்பமும் உறைக்காது என்றால் வியாபாரமாகவே சொல்கிறேன். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 22-ம் நம்பர் வகைக் கேஸ்களின் உபயோகத்தை 2025-ல் 67.5 சதவீதம் குறைத்திருக்க வேண்டும், 2030-ல் முழுக்க நிறுத்த வேண்டும். பிறகு 2040 வரை பழைய மெஷின்களின் சர்வீசுக்கென்று சொற்ப அளவு மட்டும். 404ஏ போன்றவற்றுக்கு அதே ஒப்பந்தத்தில் 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் போட்ட திருத்தம் இருக்கிறது, 2021-ல் நாமும் அதை ஏற்றுக்கொண்டோம். 2028-ல் உச்சவரம்பு, 2032-ல் 10 சதவீதக் குறைப்பில் தொடங்கி 2047-ல் 85 சதவீதம். நீங்கள் இன்று வாங்கும் கோல்ட் ரூம் மெஷின் இருபது வருடம் ஓடும். அதன் பாதி ஆயுளில் கேஸ் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும். தட்டுப்பாடு வந்தால் கலப்படம் வரும். 2011-ல் கப்பல்களில் போகும் குளிர் கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் செத்தார்கள். 134ஏ என்ற குளிர்சாதன கேஸின் பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸை ஏற்றியிருந்தார்கள், அது அலுமினியத்தோடு சேர்ந்து வினை செய்துவிட்டது. துறைமுக ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

எனக்குப் பெரிய சட்டமெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் கயிறு கட்டிய ஒரு நோட்டு. கொள்ளளவு எத்தனை கிலோ என்று முதல் பக்கத்தில். ஒவ்வொரு முறையும் சிலிண்டரின் எடை முன்னே, பின்னே, ஓட்டை எங்கே இருந்தது, எப்படி அடைத்தோம், யார் செய்தது. வருடக் கடைசியில் கூட்டி, 20 சதவீதத்துக்கு மேலே போனால் லீக்கைப் பிடிக்காமல் அடுத்த சிலிண்டரை விற்கக்கூடாது. கேஸ் விற்கும் கடைக்காரரிடம் நோட்டின் நகலைக் காட்டினால்தான் சிலிண்டர் என்று மாவட்ட நிர்வாகம் ஓர் ஆணை போட்டாலே பாதி வேலை நடக்கும்.

என் சக மெக்கானிக்குகள் கோபப்படுவார்கள், தெரியும். லீக்கை அடைத்தால் கூலி ஒரு முறை. அடைக்காமல் விட்டால் வருடத்துக்கு மூன்று கூலி, சிலிண்டரில் கமிஷன் வேறு. அந்தக் கமிஷனில் நானும் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது? ஏ.எம்.சி. என்னும் வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கேஸுக்குக் காசு 'தனி' என்று எழுதுவதை விட்டுவிட்டு, கசிவு குறைந்தால் மெக்கானிக்குக்கு ஒரு தொகை என்று எழுதிப் பாருங்கள். நாங்களே சோப்பு வாளியோடு காலையில் வந்து நிற்போம்.

அந்தக் கம்பெனி மேனேஜர் தங்கள் நாளிதழை நாள் தவறாமல் படிப்பவர். அவருக்கு ஒரு வார்த்தை: சார், போன வியாழக்கிழமை வந்தபோது இரண்டாம் நம்பர் ரூம் சைட் கிளாஸிலும் குமிழி தெரிந்தது. சரக்கு குறைவாக இருக்கும் நாளைச் சொல்லுங்கள், தராசை மட்டும் எடுத்து வைத்தால் போதும்.

இப்படிக்கு,
குளிர்சாதன மெக்கானிக் ஒருவர்,
தூத்துக்குடி.

(பெயரைப் போட வேண்டாம். எனக்கு இன்னும் அந்தக் கம்பெனிகளில்தான் சோறு.)