இந்த மாதம் பணம் குறைவாக வரும், அம்மா

தோஹா
2024 ஜூலை 5, வெள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். இதைத் தங்கச்சி சத்தமாகப் படிப்பாள் என்று தெரியும், அப்போது அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், பாதியில் எழுந்து வலை பின்னப் போய்விடப் போகிறார். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எங்கள் ரூமில் ஆறு பேர், நான் மெதுவாகப் பேசினாலும் ஆறு பேருக்கும் கேட்கும், இந்த விஷயம் அப்படிக் கேட்கக் கூடாது. கீழக்கரை பாய் லீவில் வருகிறார், மண்ணடியில் மச்சான் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் ஊருக்குப் போவார். அப்பாவை அனுப்பி வாங்கிக்கொள். பேரீச்சம்பழமும் உன் முட்டிக்குத் தைலமும் வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை இராயப்பர் திருவிழா. ஜூன் 29 என்று உடம்புக்கே தெரியும் போல, நாலு மணி அலாரத்துக்கு முன்னாடியே முழிப்பு வந்துவிட்டது. தடைக்காலம் முடிந்து பதினைந்து நாள்தான், போட்டெல்லாம் திரும்பக் கடலுக்குப் போன சந்தோஷத்தில் காசிமேடு இருந்திருக்கும், தேர் வீதிக்கு வந்திருக்கும், நீ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் யார் வந்தார்கள் என்று கணக்கெடுத்திருப்பாய். இங்கே சனிக்கிழமை வேலை நாள். ஞாயிறும் வேலை நாள்தான். வெள்ளி ஒன்றுதான் லீவு, அதனால் ஞாயிறு பூசையை நாங்கள் வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுகிறோம்.

கோவில் எப்படி இருக்கிறது என்று ரொம்ப நாளாகக் கேட்கிறாய். ஊருக்கு வெளியே பெரிய மதில் போட்ட ஒரு வளாகம், அரசாங்கம் கொடுத்த இடம். அதற்குள்ளேயே கத்தோலிக்கம், ஆங்கிலிகன், சிரியன், எகிப்துக்காரர்கள் கோவில் என்று பல சபைகள். நம்முடையது செபமாலை மாதா கோவில், 2008இல் திறந்தார்கள். வெளியே சிலுவை கிடையாது, மணியும் கிடையாது. வாசலில் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே போனால் ஆயிரக்கணக்கில் ஜனம், ஒரு மொழி பூசை முடிந்து வெளியே வருபவர்களும் அடுத்த மொழிக்கு உள்ளே போகிறவர்களும் வழியில் இடித்துக்கொள்வோம். தமிழ்ப் பூசையில் பாட்டு ஆரம்பித்ததும் முன்னால் நின்ற ஒரு ஆள் தோள் குலுங்கக் குலுங்க அழுதார், தூத்துக்குடிப் பக்கமாம், பிறகு வெளியே டீ குடிக்கும்போது சாதாரணமாகத்தான் பேசினார்.

நம் தெருவில் சாமி கும்பிடுவது ஒரு பெரிய காரியமே இல்லை அம்மா. மணி அடித்தால் எழுந்திருப்போம், பக்கத்து வீட்டு ஆயா செபமாலை சொன்னால் நமக்கும் சேர்த்துக் காதில் விழும், பூசைக்குப் போகவில்லை என்றால் கல்மண்டபம் வரைக்கும் நாலு பேர் கேட்பார்கள். தெருவே நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். இங்கே போனால் போனது, போகாவிட்டால் கேட்க நாதியில்லை. (தினமும் காலையில் நீ வாட்ஸப்பில் அனுப்புகிற மாதா படம் மட்டும்தான் கேட்கிறது. அதிலும் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்று வருவதையெல்லாம் தயவு செய்து அனுப்பாதே. மாதா அப்படியெல்லாம் மிரட்டமாட்டாள்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் வேலை டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், ஓவர்டைம் எவ்வளவு, எல்லாவற்றையும் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே வெயிலுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மூன்றரை வரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது. நல்ல சட்டம். இந்த வெயிலை நீ பார்க்கவில்லை, கம்பியைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். எங்கள் சைட்டில் பசங்கள் விடியற்காலை நாலரைக்கு ஆரம்பிப்பார்கள். பத்து மணிக்கு நிறுத்த வேண்டும். ஃபோர்மேன் பதினொன்றரை வரைக்கும் இழுத்தார். என்னிடம் வந்து, ஷீட்டில் பத்து என்று எழுது என்றார். எழுதினேன் அம்மா. முதல் நாள் கை கொஞ்சம் தயங்கியது, மூன்றாம் நாள் அவர் சொல்லாமலே எழுதினேன்.

போன மாத முதல் வாரம், 14 பேர், ஆறு நாள். வேலை பார்த்ததோ வெயிலில், ஷீட்டிலோ நிழலில் ரெஸ்ட். காகிதத்தில் ரெஸ்ட் என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது, புரிகிறதா? உடம்பையும் வாங்கிக்கொண்டு துட்டையும் பிடுங்கியாகிவிட்டது, அதற்கு என் கையெழுத்து.

வியாழக்கிழமை மாலை ஒரு நேபாளிப் பையன் என் டேபிளுக்கு வந்தான். மிஞ்சினால் இருபத்திரண்டு வயதிருக்கும். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும். தன் நம்பரைக் கண்டுபிடித்து, அந்த வரிசையில் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிக்கொண்டே போனான். நகத்தில் சிமெண்ட் அப்பியிருந்தது. 10.00, 10.00, 10.00. ஆறாவது கட்டத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன், அவன் போய் கேனில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டான். பேப்பரில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் சாம்பல் கோடு.

மறுநாள் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் எழுதினேன் ஃபாதர், ஆறு தடவை என்றேன். பத்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்வார், சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் போனேன். அவர், "அதனால யாருக்கு எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "கணக்கு எழுதற ஆளு தானே, கணக்கு போட்டுப் பாருங்க" என்றார். சின்ன வயதில் மறைக்கல்வியில், ஊரை ஏமாற்றி வரி வாங்கின சக்கேயு இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின கதையை எத்தனை தடவை நடித்திருப்போம், நான்கூட மரத்தில் ஏறியிருக்கிறேன், ஸ்டூலைத்தான் மரம் என்று வைத்திருந்தார்கள். இறங்கி வந்து அவன் துட்டை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன இடத்தில் எங்கள் நாடகம் வேகமாக முடிந்துவிடும், கைதட்டுவார்கள்.

அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். இங்கே குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1000 ரியால், அதுதான் அந்தப் பசங்களுக்கு. மணிக்கு நாலு ரியால் சொச்சம், ஓவர்டைம் என்றால் கால் பங்கு கூட. ஒரு ஆளுக்கு ஒன்பது மணி நேரம், ஏறக்குறைய 47 ரியால். 14 பேருக்கு 658. நம் ரூபாயில் 15,000 வரும்.

சனிக்கிழமை ஷீட்டில் பதினொன்றரை என்று எழுதினேன். ஃபோர்மேன் கிழித்துப் போட்டார். இன்னொன்று எழுதினேன், அதிலும் பதினொன்றரை. "நீ டைம் கீப்பரா, பாதிரியாரா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். நான் வீரமாகவெல்லாம் நிற்கவில்லை, கால் நடுங்கியது, அடகுக் கடையில் இருக்கிற உன் செயின்தான் கண் முன்னால் வந்தது. மூன்றாம் நாள் இன்ஜினியர் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார், அதற்கு மறுநாளிலிருந்து சரியாகப் பத்து மணிக்கு வேலை நின்றது. அடுத்த வாரம் என்னை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். தண்டனையா, தேவைக்கு மாற்றினார்களா, தெரியாது. வேலை போகவில்லை, அதுவரைக்கும் சரி.

ஆனால் அந்த முதல் வாரத்துத் துட்டு வரவில்லை. கேட்டேன், முடிந்துபோன ஷீட்டைத் திருத்த முடியாது என்றார்கள். அதனால் இந்த மாதச் சம்பளத்தில் நான் கொடுத்துவிட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம். வழக்கமாக வருவதில் 15,000 குறையும்.

பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் திட்டினார். "கம்பெனி குடுக்கவேண்டியதை நீ ஏன் குடுக்கிற? லேபர் ஆபீஸ்ல போய் எழுதிக் குடு, அதான் ஞாயம்" என்றார். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் தெரிகிறது. அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என் துட்டைக் கொடுத்தது சுலபமான வழியாகவும் இருக்கலாம். அந்த நேபாளிப் பையன் நோட்டை வாங்கி எண்ணிப் பார்த்தான், எதற்கு என்று கேட்டான், போன மாதக் கணக்கு என்றேன். பாக்கி எவ்வளவு என்று கேட்டான். பாக்கி இல்லை என்றேன். அவன் நம்பினதாகத் தெரியவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு தடைக்காலத்தில், ஐஸில் வைத்த சங்கராவை இன்றைக்கு வந்தது என்று சொல்லி கல்மண்டபம் டீச்சரம்மாவிடம் விற்றாயே. கூடையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி செபமாலையில் மூன்றாவது பத்து வரைக்கும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாய். விடிந்ததும் ஒரு கூறு நெத்திலியை வாழை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு அந்தம்மா வீட்டுக்கு நடந்தாய், நானும் பின்னாலேயே வந்தேன். அப்பா, "யாரு பாத்தா?" என்று கேட்டதற்கு, "நான் பாத்தேனே" என்றாய். அதனால் நீ திட்டமாட்டாய் என்று நினைக்கிறேன். திட்டினாலும் போனில் திட்டாதே, ஆறு பேருக்குக் கேட்கும்.

அடகுக் கடையில் இந்த மாதம் வட்டி மட்டும் கட்டிவிடு, அசலை ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளலாம். சீட்டுக்காரம்மாவிடம் தங்கச்சியைப் பேசச் சொல், நீ போனால் சண்டையாகிவிடும். அப்பா மாத்திரையை நிறுத்த வேண்டாம். பாய் ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வருகிறார், அவர் கையில் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கொடுத்து அனுப்பு. நல்லா காய்ந்ததாகப் பார்த்து, இரண்டு கவர் போட்டுக் கட்டு, போன தடவை ஒரு பெட்டித் துணியும் நாறிப்போய்விட்டது.

உன் மகன்