மதிலின் கணக்கை எழுதி வையுங்கள்: விளையாட்டை உருவாக்கும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உருவாக்கக் குழுவினருக்கு,

வணக்கம். கிராமங்களைக் கட்டி, படை திரட்டி, மற்ற ஆட்டக்காரர்களோடு போரிடும் உங்கள் இணைய விளையாட்டை நான்கு வருடங்களாக ஆடிவருகிறேன். கடைசி அப்டேட்டுக்குப் பிறகு எழுந்த புகார்கள் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்பதால் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். போர்க் கணக்கின் சூத்திரங்களை எழுதி வெளியிடுங்கள். அவற்றை மாற்றும்போது எந்த எண் எதுவாக மாறியது என்பதையும் சொல்லுங்கள்.

மதிலை எடுத்துக்கொள்வோம். அதன் விளக்கத்தில் இருப்பது ஒரே வரி: ஒவ்வொரு லெவலுக்கும் காவற்படையின் பலம் 5% கூடும். இந்த 5%-ஐக் கூட்டுவதா, பெருக்குவதா? கூட்டினால் 20-ஆம் லெவல் மதிலுக்குப் பின்னால் நிற்கும் படையின் பலம் இரண்டு மடங்கு. லெவலுக்கு லெவல் பெருக்கிக்கொண்டே போனால் 2.65 மடங்கு. இரண்டில் எது என்பதை அந்த வரி சொல்லவில்லை.

எங்கள் கூட்டணி கூட்டல் என்று நம்பியது. விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். எதிரியின் காவல் பலம் ஒரு லட்சம், மதில் 20-ஆம் லெவல். இரண்டு லட்சம் வரும் என்று கணக்குப் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மேலும் 20% சேர்த்து, 2,40,000 பலத்துடன் போனோம். பதினொரு பேர் மூன்று மாதம் திரட்டிய படை அது. ஒரு வீரன்கூடத் திரும்பவில்லை. எதிரி எங்களைவிட நன்றாக ஆடி ஜெயித்திருந்தால் வாழ்த்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். அவருக்கும் அந்தக் கணக்கு தெரியாது. எப்படிப் பிழைத்தார் என்று அவரே எங்களிடம் கேட்டார்.

சரி, நாமே அளந்து பார்த்துவிடுவோம் என்று நானும் கூட்டணி நண்பர் ஒருவரும் உட்கார்ந்தோம். நீங்கள் நினைப்பதைப்போல இது ஒரு மாலை நேர வேலை இல்லை. மூன்றாவது லெவலில் கூட்டினால் 15%, பெருக்கினால் 15.76%. போருக்குப் போர் மாறும் அதிர்ஷ்டத்தின் இரைச்சலில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. குறைந்தது பத்தாவது லெவலுக்காவது போக வேண்டும், அங்கேதான் 1.5, 1.63 என்று இரண்டும் பிரிகின்றன. அந்த லெவல் வரை மதில் கட்டச் செலவாகும் கல்லும் மரமும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இதற்கென்றே நண்பர் தன் இரண்டாவது கிராமத்தில் மதில் எழுப்பினார். நான் 200 ஈட்டிவீரர்களை அனுப்புவேன், அவர் 100 பேரை நிறுத்துவார். ரிப்போர்ட் வந்ததும் இழப்பைக் குறித்துக்கொள்வோம். மறுபடி வீரர்களைப் பயிற்றுவிப்போம். மறுபடி அனுப்புவோம். அளவீட்டின் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு சோதனை வேண்டும் என்பதால் பத்து தாக்குதல் நாற்பதாகி, அப்புறம் அறுபதைத் தாண்டியது. விடை 1.63-ஐ ஒட்டி வந்து நின்றது. பெருக்கல்தான்.

அன்றைய சந்தோஷம் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் காலையில் நண்பரின் அக்கவுண்ட் முடக்கப்பட்டது. வேண்டுமென்றே தோற்று இன்னொருவருக்குப் புள்ளிகள் கொடுத்தார் என்பது காரணம். ஒரே ஆளிடம் மீண்டும் மீண்டும் படையை இழப்பது உங்கள் கண்காணிப்புக்குச் சந்தேகமாகப் பட்டதில் தவறில்லை. அந்த விதி தேவையானதுதான். ஆனால் ஒருவரே இரண்டு அக்கவுண்ட் வைத்துச் சோதிக்கவும் உங்கள் விதி இடம் தருவதில்லை. இருவர் சேர்ந்து சோதித்தால் முறைகேடு. சோதிக்காமல் போனால் பதினொரு பேரின் மூன்று மாத உழைப்பு நாசம். எங்கள் அட்டவணையை முழுதாக இணைத்து உதவி மையத்துக்கு எழுதினோம். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதும் விளையாட்டின் சுவைதான் என்று பதில் வந்தது. எதைக் கண்டுபிடிக்கச் சொன்னீர்களோ அதைத்தான் நண்பர் செய்தார். அதற்காகத்தான் ஒன்பது நாள் வெளியே நின்றார். திரும்பி வந்தபோது அவருடைய ஏழு கிராமங்களில் நான்கு மற்றவர்கள் கையில் இருந்தன. முடக்கத்தை நீக்கினீர்கள், நன்றி. அந்த நான்கு கிராமங்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் இப்போது ஆடுவதில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் கடைசி அப்டேட் வந்தது. அதன் குறிப்பில் நீங்கள் எழுதியது: போர்க் கணக்கில் சிறு திருத்தங்கள். எந்தத் திருத்தம்? மதிலிலா, அதிர்ஷ்டத்திலா, மதிலை உடைக்கும் பொறிகளிலா? பொறி மதிலை இடித்த பிறகு மிஞ்சும் லெவலை வைத்துப் போர் நடக்கிறதா, இடிப்பதற்கு முன்பிருந்த லெவலை வைத்தா? நாங்கள் அளந்த 1.63 இன்னும் உண்மைதானா என்பதே இன்று எங்களுக்குத் தெரியாது. மறுபடி அறுபது தாக்குதல் நடத்த எங்களிடம் படை இருக்கிறது. அதற்கு இன்னொரு நண்பரைப் பலி கொடுக்க மனம் இல்லை.

வெளியிட்டால் புதிர் போய்விடும் என்கிறீர்கள். எதிரி எங்கே இருக்கிறார், எத்தனை பேரை மறைத்து வைத்திருக்கிறார், இன்றிரவு வருவாரா என்பதெல்லாம் புதிர். அவை மறைந்தே இருக்கட்டும். மதில் எத்தனை மடங்கு தாங்கும் என்பது விதி. இதே வகை இணைய விளையாட்டான ட்ரைபல் வார்ஸில் அதிர்ஷ்டம் 25% வரை மேலும் கீழும் போகும். அது எவ்வளவு போனது என்பதைப் போர் ரிப்போர்ட்டிலேயே போட்டுவிடுகிறார்கள். விண்வெளிப் போர் விளையாட்டான ஓகேமில் ஒரு போர் 6 சுற்றுக்கு மேல் போகாது என்பது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். அதனால் அங்கே யாருக்கும் வியூகம் வகுக்கிற வேலை குறைந்துவிடவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் மறைப்பது எல்லோருக்கும் மறைந்திருப்பதில்லை. எண்பது பேர் கொண்ட கூட்டணிகள் எப்போதோ அளந்துவிட்டன. தங்களுக்குள் கணக்கிடும் கருவியே வைத்திருக்கின்றன. அவர்கள் அதை வெளியே தருவதில்லை, தர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆக, ஆவணம் இல்லாத ஒவ்வொரு விதியும் புதிதாக வருபவரிடமும் தனியாக ஆடுபவரிடமும் மட்டும் வசூலிக்கப்படும் வரி. எங்கள் சர்வரில் முதல் பெரிய தோல்வியோடு காணாமல் போனவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேர் தோல்வியைத் தாங்காமல் போனார்கள், எத்தனை பேர் ஏன் தோற்றோம் என்றே புரியாமல் போனார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீங்கள் விற்கும் தளபதி அட்டையில் தாக்குதல் 10% கூடும் என்று இருக்கிறது. அடிப்படைப் பலம் 100 என்றால், ஏற்கனவே 50% கூடுதல் வைத்திருப்பவருக்கு அது 160 ஆகுமா, 165 ஆகுமா? காசு வாங்கிக்கொண்டு விற்கும் பொருள் என்ன செய்யும் என்பதைச் சொல்வது சலுகை இல்லை, கடமை. திறந்த பிறகே உள்ளே என்ன என்று தெரியவரும் பரிசுப் பெட்டிகளில் எது எத்தனை விழுக்காடு கிடைக்கும் என்பதை வெளியிட வேண்டும் என்று சீனா 2017 மே மாதத்திலேயே விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோருக்கு அந்த விதியைக் கொண்டுவந்தது. தென்கொரியாவில் 2024 மார்ச் முதல் அது சட்டம். பெட்டிக்கே இத்தனை கேட்கிறார்கள். நேரடியாக விற்கும் அட்டைக்கு ஒரு வரி விளக்கம் கேட்பது அதிகமா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டை விட்டுப் போக விருப்பமில்லாததால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நிரலைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. மதில், அதிர்ஷ்டம், பொறிகள், தளபதி அட்டை என்ற நான்குக்கும் சூத்திரத்தை விளக்கப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த அப்டேட் குறிப்பில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஏதாவது அளந்து பார்க்க விரும்புவோருக்குப் புள்ளி சேராத ஒரு பயிற்சிக் களத்தைத் திறந்துவிட்டால் இன்னும் நல்லது. கண்காணிப்புக் குழுவுக்கும் வேலை மிச்சமாகும்.

எங்கள் அறுபத்து சொச்சம் போர்களின் அட்டவணை உங்கள் உதவி மையத்தில் ஏற்கனவே இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்து, கடைசி அப்டேட்டுக்குப் பிறகும் அது சரிதானா என்று மட்டுமாவது முதலில் பதில் சொல்லுங்கள். காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நான்கு வருடமாக உங்கள் விளையாட்டை ஆடும் ஒருவர்