ஒத்தக் கண்ணும் முப்பது சதவீதமும்

தக்கலை
ஆடி 12

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே சாரல் விட்டபாடில்லை. அத்தானுக்குத் தூண்டில் முள் பட்டு ஒரு கண்ணே போயும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் 30 சதவீதம்தானா என்று கொதித்திருக்கிறாய். ஆமாம்டே, கணக்கு அப்படித்தான். போன கண்ணை அல்ல, இருக்கிற கண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதுவும் சரியான கண்ணாடி போட்டு. அது 6/18 வரை (நல்ல கண் 18 மீட்டரில் வாசிக்கிற எழுத்தை 6 மீட்டரில்) வாசித்தால், மற்றதில் வெளிச்சமே தெரியாவிட்டாலும் 30தான். பெரும்பாலான சலுகைக்கு 40 வேண்டும். கஞ்சக் கணக்கு என்றே எனக்கும் படுகிறது. ஆனால் டாக்டர் குறைத்துப் போட்டதல்ல, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை ஒட்டி வந்த அட்டவணை.

உங்கள் அம்மாச்சி விஷயத்தில் கவனி. சார்ட்டின் உச்சியில் இருக்கிற பெரிய எழுத்தை 6 மீட்டரில் வாசித்தால் 6/60. வாசிக்க முடியாமல் 4 மீட்டருக்கு நெருங்கி வந்தால் அது 4/60. சின்ன அறையில் 4 மீட்டரிலேயே உட்காரவைத்து 6/60 என்று எழுதிவிடுவதுண்டு. இரண்டு கண்ணும் 6/60 என்றால் 40, 4/60 என்றால் 70. அறை குறுகலாக இருந்தால் 'எத்தனை மீட்டர்?' என்று கூசாமல் கேள். கண்புரை மட்டும்தான் காரணம் என்றால் முதலில் ஆபரேஷன், பிறகுதான் சான்றிதழ்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குத்தான் அவசரம். மாலைக்கண், படியில் கால் தட்டுகிறது, ஆனால் சார்ட்டில் 6/9 வாசிக்கிறான் என்றால் சார்ட் அவனைக் காட்டிக்கொடுக்காது. பப்பாளித் தண்டு வழியே பார்க்கிற பார்வை அது. ஃபீல்டு டெஸ்ட், அதாவது பார்வைப் பரப்புச் சோதனை, எடுக்கச் சொல். பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே வந்தால் குறைபார்வை, 10க்கும் கீழே போனால் பார்வையின்மை; எழுத்து எவ்வளவு தெரிந்தாலும் சரி.

டெஸ்டில் நாடியை (மோவாயை) ஊன்றி, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் பொட்டு மின்னினால் பட்டனை அழுத்த வேண்டும். பயல்கள் மின்னலைத் தேடிக் கண்ணை ஓட்டிவிடுவார்கள். அது ரிப்போர்ட்டிலேயே பதிவாகும், பிறகு யாரும் அதை நம்பமாட்டார்கள். இரண்டாவது கண் களைப்பில் மோசமாக வரும். நடுவே பத்து நிமிடம் ஓய்வு கேட்கச் சொல்.

சான்றிதழுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆதார், போட்டோ, பழைய சீட்டுகள், இப்போது போடுகிற கண்ணாடி எல்லாம் இருக்கட்டும். கண்ணாடியை மறந்தால் இன்னொரு நாள் அலைய வேண்டும்.

அத்தானுக்கு பவர் இல்லாவிட்டாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொடு. கடலுக்குப் போகும்போது கழற்றவே கூடாது.

அன்புடன்,
மணி