விவாத நிகழ்ச்சி நெறியாளர்களுக்கு, அந்த 30 நொடி பற்றி

நெறியாளர்களே, வணக்கம்.

"30 நொடியில் முடியுங்கள்" என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவாகத்தான் நேரம் கொடுக்கிறீர்கள், ஓரவஞ்சனை இல்லை, சரி. ஆனால் ஒருவர் "வீடு மாதிரிதான் நாடும், வரவுக்கு மேல் செலவு செய்யக்கூடாது, அவ்வளவுதானே" என்று 5 நொடியில் முடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். எதிரே இருப்பவர், வீடு வரி போடாது, நோட்டு அடிக்காது, அரசு வெட்டுகிற செலவு வேறு யாருடைய வருமானமோ, அது போனால் அவர் கட்டுகிற வரியும் குறையும் என்று ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறீர்கள். பார்க்கிறவர்களுக்கு முதல் ஆள் தெளிவாகப் பேசுகிறார், இரண்டாவது ஆள் மழுப்புகிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன். வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியும், நிதியமைச்சகக் கணக்கு தெரியாது.

2016-ல் பிரிட்டனில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று பிரச்சாரம் செய்தவர்கள் ஒரு சிவப்புப் பேருந்தின் பக்கவாட்டில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். உண்மையில் ஒன்றியம் பிரிட்டனுக்குக் கொடுத்த தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் பணமே போய்க்கொண்டிருந்தது. போனது சுமார் 25 கோடி, அதிலும் ஒரு பகுதி விவசாய மானியம் அது இது என்று திரும்பி வந்தது. இதைச் சொல்ல வந்த ஒவ்வொருவரும் முதலில் அந்த 35 கோடியைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது! கடைசியில் சண்டை 35-ஆ 25-ஆ என்று ஆனது, எப்படியோ பெரிய தொகை போகிறது என்பது மட்டும் மனதில் நின்றது. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மை போலத் தோன்றும் என்று 1977-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

சிக்கலாகப் பேசுகிறவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை, புள்ளிவிவரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ரோசன்ப்ளிட், கீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜிப் எப்படி வேலை செய்கிறது, கழிப்பறை ஃப்ளஷ் எப்படி வேலை செய்கிறது, உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டபோது பலரும் தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். படிப்படியாக விளக்குங்கள் என்றதும் அவர்களே அந்த மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்வாதம் எதுவும் தேவைப்படவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். 5 நொடியில் முடித்தவரிடமே மீதி 25 நொடியையும் கொடுத்து, "சரி, முதலில் எந்தச் செலவை நிறுத்துவீர்கள், அடுத்த மாதம் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். மணியை அப்புறம் அடிக்கலாம்.