தூரத்தை வகுத்தால் பயண நேரம் வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பயணப் பக்கத்தில் பெரிய நகரங்களுக்கு இடையிலான விமான தூரத்தையும் பயண நேரத்தையும் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். தூரத்தில் குறை இல்லை. நேரம்தான் இடிக்கிறது. தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்துப் போட்டிருப்பது பார்த்தவுடனே தெரிகிறது.

லண்டன் - நியூயார்க் தூரம் சுமார் 5,550 கி.மீ. வகுத்தால் 6 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் விமானக் கால அட்டவணையில் லண்டனிலிருந்து போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர 7 என்று இருக்கும். காரணம், பத்து கி.மீ. உயரத்தையொட்டி மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். 2020 பிப்ரவரியில் புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்திலேயே லண்டனில் இறங்கிவிட்டது. எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு அதே காற்று பயணத்தை இழுத்துவிடும். அப்புறம், அட்டவணை நேரத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், இறங்கியபின் நிற்கும் இடத்துக்கு வருவதும் சேர்த்தி.

பாதையும் நிலையானதல்ல. ஹெல்சிங்கி - டோக்கியோ தூரம் சுமார் 7,800 கி.மீ. ரஷ்யாவின் மேலே பறந்த காலத்தில் ஒன்பதரை மணி நேரம் போல ஆனது. 2022-ல் உக்ரைன் போரையடுத்து ஐரோப்பிய விமானங்களுக்கு அந்த வான்வழி மூடப்பட்டதும், வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு 13 மணி நேரம் போக வேண்டியதாயிற்று. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. உங்கள் கட்டத்தில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

இதெல்லாம் பொழுதுபோக்குத் தகவல் என்று விட முடியவில்லை. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போடும் வேளையையும், இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் அடுத்த டிக்கெட்டையும் இந்த நேரத்தை நம்பித்தான் திட்டமிடுகிறார்கள். டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டாலும் குழப்பம்தான். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டனில் காலை 11-க்கு ஏறி நியூயார்க்கில் பிற்பகல் 2-க்கு இறங்கினால் 3 மணி நேரப் பயணம் போலத் தோன்றும். 5 மணி நேர வித்தியாசத்தைக் கூட்டினால்தான் 8 வரும். முதல்முறை பறக்கும் வயதானவர்களுக்கு இதை யாராவது சொன்னால்தானே தெரியும்?

எனவே போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டு ஊர்களின் நேர வித்தியாசத்தையும், எந்த மாத அட்டவணையிலிருந்து எடுத்தது என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். இடம் போதவில்லை என்றால் தூரத்தை எடுத்துவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்